லத்தீனுக்கு ஓர் அர்ச்சனை

லக்சிகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லத்தீன் பட்டப்படிப்பின் கடைசிப் பாட முடிவு மத்தியானம் வருகிறது. ஹெலன்ஸ்பர்க் கோயில் வாசலிலோ போனில் சிக்னல் வருவதும் போவதுமாக விளையாட்டுக் காட்டியது.

போன வருஷம் கோட்டை விட்ட பாடம் அது. இந்த முறையும் போனால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். சிட்னியிலிருந்து வரும் வழியெல்லாம் அம்மா சிவகௌரியின் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தன.

வீட்டில் அப்பா தேவராஜாதான் எதிர்க்கட்சி. செத்த பாஷையைப் படித்து எந்த ஒஃபிசில் வேலை எடுக்கிறது, நாலு சனம் கேட்டால் என்ன சொல்லுறது என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் புறுபுறுப்பார். மனுஷனுக்கு எரிச்சல் வராதா? குசினியில் மிளகாய்த்தூள் போத்தல், அரிசி வாளி, பருப்பு டின் எல்லாவற்றிலும் லத்தீன் சொற்களை எழுதி ஒட்டிவைத்தால்? வீட்டுக்கு வந்துபோன ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள்.

உள்ளே போய் அர்ச்சனை டிக்கெட்டைக் கொடுத்ததும் ஐயர் லக்சிகாவைப் பார்த்துச் சிரித்தார். சோதினைக்குத்தானே, பிள்ளையின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ என்றார். சிவகௌரி ஒரு கணம் தடுமாறினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, லக்சிகா, உத்தரம் என்றாள்.

லக்சிகா அம்மாவின் கையைச் சுரண்டினாள். அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

பின்னால் நின்ற சுஜீவா அன்ரிக்கு இது போதாதா? அந்த லத்தீன் படிக்கிற பெட்டை இதுதான் என்று பக்கத்தில் நின்றவரிடம் தொடங்கிவிட்டாள். ரகசியம் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. மூலஸ்தானம் வரை கேட்டது.

"தேத்தண்ணி போடக்கூடக் குசினிப் பக்கம் போகாதாம். படிக்கிறதும் ஒருத்தருக்கும் உதவாத படிப்பு. இதை ஆர் கட்டப்போகினம்?"

லக்சிகாவுக்குக் காது சுட்டது. திரும்பி நறுக்கென்று கேட்க வாய் துடித்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

போனைப் பார்த்தாள். முடிவு இன்னும் வரவில்லை. ஐயர் மந்திரத்தின் நடுவே லக்சிகாவின் பேரைச் சொல்லிப் பூவை அள்ளினார்.

சிவகௌரி சட்டென்று நிமிர்ந்தாள். பின்னால் திரும்பி, சுஜீவாவை நேருக்கு நேர் பார்த்தாள். சாறித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஐயா, பேரை மாத்துங்கோ. லத்தீன் படிக்கிறது நான்."