லீனாவின் சாட்சி

"நீயே சொல்லு லீனா. அங்கேயே இருந்து பார்த்தவ நீ. தப்பு யார் மேல?"

கேட்டுவிட்டு அண்ணன் ஜெயசீலன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து, பிரியாணி முடிந்து, லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மணி நேரமாக இதே சண்டைதான்.

அண்ணனுக்கு இஸ்ரேல் வேதத்தில் சொன்ன தேசம். ஒரே காலையில் வீடு வீடாகப் புகுந்து கொன்றார்களே, இழுத்துக்கொண்டு போனார்களே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று கேட்டார். மாடியில் குடியிருக்கும் ரகுராம் தன் போனைத் திறந்து காஸாவில் செத்த குழந்தைகளின் எண்ணிக்கையை வாசித்தான். அந்தக் குழந்தைகளுக்குச் சைரனும் கிடையாது, ஒளிந்துகொள்ள அறையும் கிடையாது என்றான்.

இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனதே இல்லை. நானும்தான். அதனால் என் மனைவியைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள்.

லீனா ஆறு வருஷம் இஸ்ரேலின் தெற்கே ஒரு சின்ன ஊரில் ரூத் என்கிற வயதான அம்மாளைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது. திரும்பி வந்து பதினாறு நாள் ஆகிறது.

ஏன் வந்தாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அந்த ஊரில் சைரன் அடித்தால் முப்பது நொடிதான். அதற்குள் வீட்டிலேயே இரும்புக் கதவு போட்ட ஓர் அறைக்குள் போய்விட வேண்டும். அன்றைக்கு ரூத்தைத் தள்ளிக்கொண்டு போக நேரமில்லை. லீனா ஹாலிலேயே அவரைக் கீழே இறக்கி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். எதிர் வீட்டில் ராக்கெட் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. ரூத் இறந்துபோனார். லீனாவுக்கு ஒரு கீறல் இல்லை.

போன வாரம் பாஸ்டர் இதைச் சபையில் சாட்சியாகச் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லீனா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இப்போதும் அப்படித்தான் இருந்தாள். எங்கள் ஒன்பது வயது மகள் சோஃபியா அவள் மடியில் சாய்ந்து, அவள் போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றான் ரகுராம்.

"எனக்கென்ன தெரியும்? நான் அங்க வெளியாள்தானே."

அண்ணன் விடவில்லை. வெளியாள் சொல்வதுதான் நியாயமாக இருக்கும் என்றார். ரகுராமும் தலையாட்டினான். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கேமின் சத்தம் கேட்கவில்லை என்று சோஃபியா வால்யூமை முழுக்க ஏற்றினாள்.

சிறிது நேரத்தில் போன் அலறியது.

ரிங்டோன் இல்லை. மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறுகிற சத்தம். அந்த ஊருக்கான எச்சரிக்கை. ராக்கெட் வந்தால் அலறுகிற அந்த ஆப்பை லீனா போனிலிருந்து நீக்கவே இல்லை. சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்திருந்தாள்.

லீனா எழுந்தாள். மடியிலிருந்த சோஃபியா தரையில் விழுந்தாள். லீனா குனியவில்லை. குழந்தையைத் தாண்டி, தினமும் போய்ப் பழகிய வழியில் போகிறவள் போல நேராகப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ரகுராம் போனை எடுத்து அணைத்தான். அண்ணன் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோஃபியா எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். "அம்மா."

உள்ளேயிருந்து பதில் வந்தது. நோயாளியிடம் பேசுகிற, பதற்றமே இல்லாத குரல்.

"ரெகா. ரெகா, ரூத்."

அந்த வார்த்தை சோஃபியாவுக்குத் தெரியும். வீடியோ காலில் லீனா சொல்லிக்கொடுத்த அந்த ஊர்ப் பாஷை.

"கொஞ்சம் இருன்னு சொல்றாங்கப்பா" என்றாள் என்னிடம்.

மறுபடி தட்டினாள். மறுபடி "ரெகா". தட்டத் தட்ட அதே வார்த்தை, அதே நிதானம். உள்ளே தாழ்ப்பாளின் மேல் அவள் கை உரசுவது கேட்டது. தாழ்ப்பாள் விலகவில்லை.

அன்றைக்கு ரூத் தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அந்த இரும்புக் கதவு வரைக்கும் வந்து தட்டியிருக்கிறார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்திருக்க வேண்டும். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, சொல்லாமல் வெளியே போனார். ரகுராமும் பின்னாலேயே போனான்.

சோஃபியாவுக்குக் கை வலித்தது. தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே தண்ணீர்கூடச் சொட்டவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் லீனா, தமிழில்.

மகளை அவள் ஒரு நாளும் 'நீங்க' போட்டுப் பேசியதில்லை.

நான் சோஃபியாவை மெதுவாக நகர்த்திவிட்டு, கதவைத் தட்ட ஆரம்பித்தேன்.