வாசிக்கும்படியான முகவரி

மாமனார் எதையும் தலையிலிருந்துதான் வாசிப்பார்.

நாள்காட்டி என்றால் அச்சகத்தின் பெயரிலிருந்து. மருந்துப் பெட்டி என்றால் உரிம எண்ணிலிருந்து. சற்றுமுன் மாப்பிள்ளையின் அலுவல் அறைக்குள் நுழைகையில்கூட, கதவில் மகள் ஒட்டியிருந்த 'சாவி அலமாறியில்' என்ற மஞ்சள் சீட்டை நின்று வாசித்து, ஒரு 'ம்ம்' போட்ட பிறகே உள்ளே வந்தார்.

ஆகவே, சுவரிலிருந்த பெரிய திரையில் அந்தப் பக்கம் விரிந்தபோது, அவர் கண்கள் நாற்காலியின் படத்துக்குப் போகவில்லை. விலைக்கும் போகவில்லை. பக்கத்தின் முகவரி இருக்கும், உலகில் எவரும் வாசிக்காத மேல்வரிக்குப் போயின.

அங்கே ஒரு நொடி முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்த மாப்பிள்ளையின் கண்களுக்குத் திரும்பி வரத் தெரியவில்லை.

குற்றம் முழுக்க மாமனாருடையது என்றும் வாதிடலாம். போன மாதம் இணையக் கடையைப் பார்வையிட்டவர், பக்கங்களின் முகவரிகள் கேள்விக்குறியும் சமக்குறியும் எண்களுமாக இருக்கக் கண்டு, "இது முகவரியா, கைதி நம்பரா? மனுஷன் வாசிக்கிற மாதிரி வைங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசிக்கிற மாதிரி வைத்தால் தேடுபொறிக்கும் பிடிக்கும். மாப்பிள்ளை மறுக்கவில்லை.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பொருள்கள். முதன்முதலில் இடும் தலைப்பை எடுத்து, சொற்களுக்கு நடுவே கோடு போட்டு, அதையே முகவரியாக்கிக்கொள்ளும்படி நிரல் எழுதியாயிற்று. அதன்பின் தலைப்பை எத்தனை முறை திருத்தினாலும் முகவரி அசையாது. அசைந்தால், பழைய இணைப்பைப் பிடித்து வருகிறவர்கள் வெறும் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

நேற்று அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, பிழையும் விளையாட்டும் களைந்துவிட்டான்.

தலைப்புகளில் மட்டும்.

இன்று மாமனார் தலையசைத்தால் இணையக் கடை தொடரும். அசைக்காவிட்டால் நாளை முதல் அவன் மாமனாரின் மரச்சாமான் கடையில், மாமனாருக்கு நேர் எதிர் மேசையில், காலை முதல் மாலைவரை முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும்.

மாமனார் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினார்.

"மாமனார்," என்று வாசித்தார்.

யாரோ தன்னை அழைத்தாற்போல ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

"கோடு."

கோட்டையும் விட்டுவைக்காத வாசகர் அவர். திரையில் காட்டிய அதே நாற்காலியின் மாதிரி ஒன்று அறையின் மூலையில் கிடந்தது. அதன் நுனியில் விறைப்பாக அமர்ந்திருந்த மாப்பிள்ளையின் மனைவி, மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ணத் தொடங்கினாள்.

"போனதும். கோடு."

'போனதும்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது, முதலாவதைவிட மோசம்.

"சாயும். கோடு."

சாய்வு நாற்காலிதானே, அதில் தப்பில்லையே என்று அவன் மனம் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

கடைசிச் சொல்லில் மாமனார் நின்றார். அதை எழுத்தெழுத்தாக, வாயில் போட்டு மென்று பார்ப்பவர் போல வாசித்தார்.

"நா... ர்... காலி."

மூன்று இறக்கைகள்தாம். ஆனாலும் மனைவி எண்ணி முடித்தபாடில்லை.

"யாரு வச்ச பேரு?"

"நான்தான் மாமா."

அரை நொடிகூட ஆகவில்லை, பதில் வர. சில பொய்கள் ஒத்திகை பார்த்தாற்போல வந்துவிடுகின்றன.

மாமனார் அவனைப் பார்த்தார். பிறகு, தொடங்கியதை முடிக்காமல் விடும் பழக்கம் இல்லாதவராதலால், பக்கத்தை அடிவரை வாசித்தார். நேற்று மட்டும் நானூறு பேர் வந்து பார்த்ததாக அடிவரி சொன்னது. ஒழுங்கான பெயர் கொண்ட மற்ற நாற்காலிகளுக்கு ஒன்பது, பதினொன்று.

"இதுக்கு மட்டும் என்ன இவ்வளவு கூட்டம்?"

"தேடுறவங்கள்ல பலருக்கு எழுத்துப்பிழையும் இருக்கு மாமா... மாமனாரும் இருக்காரு."

மாமனாரின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. தொடர்ந்து தலையும் அசைந்தது. மேலும் கீழுமாகத்தான்.

எழுந்தார். கதவருகே நின்று, மஞ்சள் சீட்டை மறுபடியும் தலையிலிருந்து வாசித்தார். மகள் இருந்த திசையைத் தவறியும் பார்க்கவில்லை.

"முகவரி அப்படியே இருக்கட்டும் மாப்பிள்ளை. ஆனா அலமாறியில ஒரு வல்லின ற சும்மா கிடக்கு. அதை எடுத்து நாற்காலிக்குப் போட்டா என்னன்னு, எழுதினவங்களை ஒரு வார்த்தை கேட்டு வைங்க."

செருப்புச் சத்தம் படியிறங்கி, தெருவில் கரைந்தது.

அறையின் மூலையில் ஒரு நாற்காலி மெல்ல, மிக மெல்லச் சாய்ந்தது.

அதில் இருந்தது மாப்பிள்ளை அல்ல.