பரிசு வாங்கிய படம்

குடும்ப ஆல்பத்தில் எப்போதும் விடுபட்டுப்போவது படம் எடுக்கிறவர்தான் என்பார்கள். இந்த வீட்டு ஆல்பத்தில் படம் எடுத்த அப்பா இருந்தார். டைமரை வைத்துவிட்டு ஓடிவந்து நின்றிருந்தார். அத்தை இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார், அவருடைய நாய்கூட இருந்தது. அம்மா மட்டும் இல்லை.

"உங்கம்மா என்னடி, உளவுத்துறையா?" என்றாள் பல்பு. புகைப்பட வகுப்பில் மகளுக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. கேட்காத இடத்திலெல்லாம் ஃப்ளாஷ் அடிப்பதால் அந்தப் பெயர்.

"அவங்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. என்னைத் தூக்கிக் கொஞ்சின மாதிரி ஒரு படமாவது இருக்கா சொல்லு," என்றாள் மகள். சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன குறை அது.

வகுப்பின் அந்த மாதத்துப் புராஜெக்ட் இது: உங்களைக் கேமரா தூக்க வைத்த ஒரு பழைய படத்தைக் கொண்டு வாருங்கள். அதன் சேதங்களைக் கணினியில் சரிசெய்து பெரிதாக அச்சிடுங்கள். கண்காட்சியில் அதன் பக்கத்தில் நின்று பேசுங்கள்.

மகள் யோசிக்கவே இல்லை. அப்பா எடுத்த படம்தான். மூன்று மாதக் குழந்தையான அவள், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கி, வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். அலுவலகப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம். வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காருவதற்குள் அப்பா அதைக் காட்டிவிடுவார்.

"அந்தப் பார்வையைப் பாருங்க. வானத்துல எதையோ கண்டுட்ட மாதிரி இல்ல? அதுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா?"

அந்தப் பார்வைதான் மகளையும் கேமரா தூக்க வைத்தது. எதைக் கண்டு ஒரு முகம் இப்படி மலரும் என்று சிறுவயதில் அந்தப் படத்தின்முன் வாய் பிளந்து நின்றிருக்கிறாள்.

பேச்சும் தயார். அப்பாவின் பொறுமையைப் பற்றி இரண்டு பத்தி. நடுவில், "என் அம்மா எந்தப் படத்திலும் இல்லை, சிலருக்கு அன்பு காட்டத் தெரிவதில்லை" என்று ஒரு வரி. கைதட்டல் அந்த வரிக்குத்தான் என்று பல்பு அடித்துச் சொல்லியிருந்தாள். அம்மாவும் கண்காட்சிக்கு வருவதாக இருந்தது.

கல்லூரிக் கணினி அறையில் மகள் படத்தை ஸ்கேன் செய்து, திரை முழுக்கப் பெரிதாக்கி, பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு துணியின் சுருக்கங்களில் கைவைத்தாள். நாற்காலியின் ஒரு பக்கம் மழமழவென்று ஆகிவிட்டது.

"நிறுத்துடி," என்றாள் பல்பு. "நாற்காலிக்கு ஏது விரல்?"

குழந்தையின் இடுப்பைச் சுற்றித் துணி வரிசையாக நான்கு இடங்களில் புடைத்திருந்தது. கொஞ்சம் தள்ளி, கட்டைவிரல்.

மகள் அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள். சுருக்கம் என்று நினைத்தது ஒரு தோள். நாற்காலியின் முதுகு என்று நினைத்தது, குழந்தையின் பக்கம் சாய்ந்த ஒரு தலை. அந்தத் தலையில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே இழுபட்டுச் சிறு குழியாகியிருந்தது. அங்கே ஒருத்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள்.

குழந்தை வானத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பல்பு எழுந்து நின்றுவிட்டாள்.

வீட்டில் அம்மா தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மகள் அச்செடுத்த படத்தை மிஷின்மேல் வைத்தாள்.

"இது நீயா?"

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "பின்னே? மூணு மாசத்துல எந்தப் பிள்ளை தானா உட்காரும்? வெச்ச இடத்துல எல்லாம் சரிஞ்சுட்டே இருந்தே. நான் தெரிஞ்சா குழந்தை எடுபடாதுன்னு உங்கப்பா போர்வையை எடுத்து மேலே போட்டுட்டார்."

"உள்ளேயிருந்து என்னம்மா சொன்னே? நான் இப்படிச் சிரிக்கிறேன்."

"என்னத்தச் சொன்னேன். 'அம்மா எங்கே, அம்மா எங்கே'ன்னு கேட்டேன். நீ கண்டுபிடிச்சுட்டே."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்ப மத்த படமெல்லாம்?" என்றாள்.

"உன்னைச் சிரிக்க வைக்க யாராவது கேமராவுக்குப் பின்னாடி நின்னு குதிக்க வேண்டாமா?"

"அப்பா ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை."

"மறந்திருப்பார்."

உண்மைதான், அவர் மறந்திருந்தார். பொய் சொல்லியிருந்தாலாவது மன்னித்திருக்கலாம்.

"அவரை நான் சும்மா விடப்போறதில்லை," என்று மகள் எழுந்தாள். "ஒருத்தியை மூட்டை மாதிரி மூடி வெச்சுட்டுப் பரிசு வாங்கியிருக்கார்."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவரை ஏன்டி வையறே? போன மாசம் உன் புராஜெக்டுக்கு வெளிச்சம் திருப்பணும்னு, ஜன்னல்கிட்ட கை கடுக்க வெள்ளைத் துணியைப் பிடிச்சுட்டு நின்னேன். என் விரல் தெரியுதுன்னு படத்தோட ஓரத்தை வெட்டிட்டு நீ முதல் மார்க் வாங்கலையா?"

மகள் எழுதி வைத்த பேச்சைக் கிழித்துப் போட்டாள். கண்காட்சியில் அப்பா எடுத்த படமும் போன மாதம் அவள் எடுத்த படமும் அருகருகே தொங்கின. இரண்டிலும் எதுவும் அழிக்கப்படவில்லை, எதுவும் வெட்டப்படவில்லை. அம்மா வந்தாள், இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள். அதன்பிறகு அவள் யாருக்கும் துணி பிடிக்கப் போகவில்லை.