மந்திரி கவலைக்கிடம்

“உயிர்னு வந்துட்டா அது யானையா, பல்லியான்னு பார்க்கக் கூடாது! என் உயிரைக் கொடுத்தாவது இதைக் காப்பாத்துவேன். இது தலைவரோட வாக்கு!” என்று அப்பா முழங்கினார்.

முழங்கினாரே தவிர, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நடைப்பயிற்சிச் சங்கத்துக்குத் தலைவரான நாளிலிருந்து வீட்டிலும் அவருக்குத் தலைவர் என்றுதான் பெயர். வைத்தவள் அம்மா. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

மகளுக்கு முழக்கத்தைக் கேட்க நேரமில்லை. கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். உள்ளே அவளுடைய செல்லப் பல்லி, மஞ்சள் உடம்பும் கரும்புள்ளிகளுமாக, நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. எந்நேரமும் கழுத்தைத் தூக்கி எல்லோரையும் அலட்சியமாகப் பார்ப்பதால் அதற்கு மந்திரி என்று பெயர். இன்று கழுத்து எழும்பவில்லை. கண் பாதி மூடியிருந்தது. மூக்குக்கு நேரே புழுவை நீட்டியும் நாக்கு அசையவில்லை.

“நேத்து சாயங்காலம்கூட வெட்டுக்கிளியைத் துரத்தித் துரத்திப் பிடிச்சுதும்மா!” என்றாள்.

“விஷம்!” தலைவர் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். “சந்தேகமே இல்லை. இதுல சதி இருக்கு!”

“பல்லியைக் கவுத்துட்டு யாருங்க ஆட்சியைப் பிடிக்கப் போறா?” என்றாள் அம்மா.

“கிண்டல் பண்ற நேரமாடி இது? கொசு மருந்தை அணை! ஜன்னலைத் திற! தண்ணிக் கிண்ணத்தைக் கழுவு! ம், ஓடுங்க!”

அம்மா ஜன்னலுக்கு ஓடினாள். மகள் குழாய்க்கு ஓடினாள். வெளியே பிடித்திருந்த மழையிலிருந்து ஊசிக் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. மந்திரியின் கண் முழுவதும் மூடிக்கொண்டது.

“பார்த்தீங்களா, விஷம் தலைக்கு ஏறுது!” என்றார் தலைவர்.

மகள் விலங்கு டாக்டரம்மாவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம் டாக்டர், நான் தலைவர் பேசறேன். இப்போதைய நிலவரம் என்னன்னா...”

“பல்லி பக்கத்துல யாரு இருக்கா? அவங்க பேசுங்க” என்றது போன்.

“நான்தான் டாக்டர்!” என்றாள் மகள்.

“வயித்துல விரலை வச்சுப் பாரும்மா. எப்படி இருக்கு?”

“ஜில்லுனு இருக்கு டாக்டர். செத்துடுமா?”

“இரு, இரு, அழாதே. பல்லிக்குத் தன் உடம்புல சூடு உண்டாக்கத் தெரியாது. வெளியிலேர்ந்துதான் வரணும். தொட்டிக்கு அடியில ஹீட்டிங் பேட் வச்சிருக்கியா?”

“இருக்கு டாக்டர். ராத்திரி பகல் ஆன்லதான் இருக்கும்.”

“எதுக்கும் தொட்டுப் பார்.”

மகள் தொட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். வெறும் பலகைதான் தட்டுப்பட்டது.

“காணோம் டாக்டர்!”

“அப்ப வியாதியே அதுதான். உடனே சூடு கொடுத்தா பிழைச்சுக்கும். லேட் பண்ணிடாதே!”

பிழைத்துக்கொள்ளும்! மகள் துள்ளி எழுந்தாள். “அம்மா, பேடைத் தேடும்மா!”

வீடு தலைகீழானது. கட்டில் நகர்ந்தது. தலையணைகள் பறந்தன. அழுக்குத் துணிக் கூடை நடுக்கூடத்தில் கவிழ்ந்தது.

தலைவர் மட்டும் நாற்காலியில் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டார். தொண்டையைச் செருமினார். “போனா போகுது, பழசுதானே. ரெண்டு பேரும் கடைக்குப் போய்ப் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்களேன்.”

“அதுவரைக்கும் தாங்காதுப்பா! நீங்களும் கொஞ்சம் எழுந்து தேடுங்க!”

“தலைமைன்னா ஓர் இடத்துல உட்கார்ந்து யோசிக்கணும்மா.”

அம்மா தேடுவதை நிறுத்தினாள். நாற்காலிக்குப் பின்னாலிருந்த ப்ளக்கிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, நேராகத் தலைவரின் சட்டைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னங்க இது?”

தலைவர் விட்டத்தைப் பார்த்தார்.

மகள் பாய்ந்து வந்து அவர் முதுகுப் பக்கம் கையை விட்டுப் பேடை உருவினாள். நல்ல சூடு. ஓடிப்போய்த் தொட்டிக்கு அடியில் செருகினாள். அம்மா ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மெல்ல, வால் நுனி நெளிந்தது.

“பிழைச்சுடுச்சு! மந்திரி பிழைச்சுடுச்சு! அப்பா, எழுந்து வந்து பாருங்கப்பா!”

தலைவர் எழுந்து வரவில்லை. நேற்றுக் காலை நடைக்குக் கிளம்பும்போது, ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது.