காத்துகிட்டப் போய்க் கேளு

தொண்ணூற்றாறாம் ஆண்டு திருமுல்லைவாயிலில் சண்டையோடுதான் பிறந்தது. ராத்திரி வேதமுத்து வீட்டு மாடியிலிருந்து கிளம்பிய ராக்கெட், பின்வீட்டு ஆரோக்கியம்மாளின் ஓலைக்கூரையைப் பொசுக்கிவிட்டது.

"கூரையே பூட்ச்சு சார்! புதுசா வேய்ஞ்சு குடு!"

நல்ல நாளும் அதுவுமாக வாசலில் வந்து கத்துகிறாளே என்று வேதமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொளுத்துனது என் மச்சான். அவனைக் கேளு."

"வாங்கியாந்து குட்த்தது நீதானே?"

"வாங்கினது ஒரு குத்தமா?"

"உன் மாடிலதானே உட்டான்?"

"மாடி என் பொண்டாட்டி பேர்ல இருக்கு. ராக்கெட் நேராத்தான் போச்சு, காத்துதான் திருப்பிடுச்சு. காத்துகிட்டப் போய்க் கேளு!"

"நீயெல்லாம் படிச்சவனா? நாசமாப் பூடுவே!"

மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். வேதமுத்து கதவை அறைந்து சாத்தினார்.

மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் அவர் வாயையே பார்த்திருந்தார்கள். நாட்டுக்கு விண்வெளிச் சட்டம் எழுதும் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"ராக்கெட் விழுந்து சேதமானா விட்டவன், விடச் சொன்னவன், இடம் கொடுத்தவன் எல்லாருமே பொறுப்பு. எழுதிக்குங்க."

"காத்து திசை திருப்பிட்டா, சார்?" என்றார் ஒருவர்.

வேதமுத்து மேஜையில் ஓங்கி அடித்தார்.

"காத்து மேல பழி போடுறவன் மனுஷனாய்யா?"