டப்பாவின் செல்லக்கொட்டை

எவர்சில்வர் டப்பாவுக்குத் தன் காப்பிக்கொட்டைமேல் உயிர். காற்று பட்டால் சளி பிடிக்குமாம். வெயில் பட்டால் கறுத்துவிடுமாம், வறுத்த கொட்டை.

"அம்மா, மணம் இருக்கும்போதே அரைபட்டுவிடுகிறேனே" என்றது கொட்டை.

"வாயைக் கழுவுடி. நீ விருந்தாளிக்கு. வீட்டு மனுஷருக்குத்தான் சிக்கரி கலந்த தூள் இருக்கிறதே" என்று டப்பா மூடியை இன்னும் இறுக்கிக்கொண்டது.

தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. ஒருவழியாகச் சம்பந்தியம்மாள் வந்தாள். வீட்டுக்காரி டப்பாவைத் திறந்து கொட்டையை முகர்ந்தாள். மணம் துளிகூட இல்லை. அதை ரோஜாச் செடிக்குக் கொட்டிவிட்டு, சம்பந்திக்கும் சிக்கரிக் காப்பியே கலந்தாள்.

"கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன்" என்று டப்பா மூக்கைச் சிந்தியது. "மூடி திறந்த அந்த ஒரு நிமிஷக் காற்றுதான் என் பெண்ணைக் கெடுத்துவிட்டது."