ஜேபஸ் கிராட் செத்த சனிக்கிழமை

உயிரோடிருக்கிற மருமகனுக்குத் துக்கம் காக்க, கடையின் ஏழு பலகைகளையும் நான்தான் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் சொந்தக்காரன் கடையில் பலகை ஏறும். பிறகு வரிசையாக எல்லாக் கடையும் இருளும். எப்படிச் செத்தார் என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்பதோடு சரி.

அன்று சந்தை நாள். நான் தேயிலைப் பெட்டியின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தபோது என் மகள் ஹெப்ஸி தலையில் குல்லாய்கூட இல்லாமல் ஓடி வந்தாள்.

"அப்பா, அவரு நிலவறைப் படியில விழுந்துட்டாரு. செத்துட்டாரு. வாங்கப்பா."

அவர் என்றால் ஜேபஸ் கிராட். ஆறு கடை தள்ளி இறைச்சிக்கடை.

கல்யாணமாகி இரண்டு வருடம். அதற்குள் ஹெப்ஸியின் முகம் கதவில் இடித்தது, விரல் ஜன்னலில் நசுங்கியது. போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் கொல்லையில் வழுக்கி விழுந்து வயிற்றில் இருந்தது கலைந்தது. கேட்டால் இப்படித்தான் சொல்வாள்.

"அந்த வீட்டுக் கதவுக்கு உன்மேல என்னம்மா அவ்வளவு கோபம்?" என்பேன். அவள் சிரிப்பாள். எனக்கு அது போதும். கால் பவுண்டு தேயிலையைக் கட்டிக் கையில் கொடுத்து அதே வீட்டுக்கு அனுப்பிவைப்பேன். நான் அப்படிப்பட்ட அப்பன்.

ஆகவே, செத்துட்டாரு என்று கேட்டதும் என் முழங்கால்களுக்கு இருபது வயது திரும்பிவிட்டது. இனி அவள் அங்கே போக வேண்டாம்.

"நீ உட்காரும்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் பலகையைத் தூக்கினேன்.

ஏழாவது பலகை ஏறுவதற்குள் துணிக்கடை டாட்ரிஜ் தன் கடையை மூட ஆரம்பித்திருந்தார். அப்புறம் ரொட்டிக்கடை, அப்புறம் சேணக்கடை. மகாராணியின் புருஷன் செத்துப்போனபோதுகூட எங்கள் தெரு இவ்வளவு வேகமாக இருளவில்லை. சந்தைக்கு வந்த பண்ணைக்காரர்கள் நடுத்தெருவில் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

நான் உள்ளே போய் இருப்பதிலேயே பெரிய ஹாமைக் கொக்கியிலிருந்து இறக்கினேன். சாவு விருந்தில் ஹாம் பரிமாறாமல் புதைத்தால் ஊர் பேசும். பன்னிரண்டு பவுண்டுப் பன்றித்தொடை. மருமகனுக்கு நான் மனதாரக் கொடுக்கும் முதல் பொருள்.

அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரே ஜேபஸ் நடந்து வந்துகொண்டிருந்தான்.

நெற்றியிலிருந்து தாடி வரை ரத்தம் காய்ந்திருந்தது. மூடிய கடைகளைப் பார்த்தான். மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றக் கையை உயர்த்தினான். தொப்பி இல்லை. காயம்தான் கையில் பட்டது.

"யாருய்யா போயிட்டது?" என்று டாட்ரிஜிடம் கேட்டான்.

கையில் அளவுகோல் இல்லாத நேரத்தில் டாட்ரிஜ் பொய் சொல்லமாட்டார்.

"நீங்கதான், மிஸ்டர் கிராட்."

தெரு சிரித்தது. சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"என்ன மாமா, என் சாவுக்கு ஹாமா?"

பிடுங்கி முதல் அடியைக் காதில் கொடுத்தான். இருபத்தெட்டு வருடமாக ஹாம் விற்கிறேன். அதன் எடை அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது அடியில் என் மூக்கு உடைந்த சத்தம், பிஸ்கட் டப்பாவை மிதித்த மாதிரி, மண்டைக்குள் கேட்டது. விழுந்தேன். ஹாமை எறிந்துவிட்டுப் பூட்ஸால் ஆரம்பித்தான். எந்த விலா எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. தொழில் அது.

"பலகையா போடுற? போடு கெழவா! இப்ப போடு!"

பதில் சொல்வதற்கு முன் இரண்டு பற்களைத் துப்ப வேண்டியிருந்தது. சொத்தைப் பற்கள் அப்படியே இருந்தன.

நான்கு பண்ணைக்காரர்கள் சேர்ந்துதான் அவனைப் பிரித்தார்கள். அதில் ஒருவரின் கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்துவிட்டான்.

மூச்சு வாங்கிக்கொண்டே கடைக்குள் எட்டிப் பார்த்தான். தராசுக்குப் பின்னால் ஹெப்ஸி நின்றிருந்தாள்.

"எப்படி விழுந்தேன்னே நெனவில்ல," என்றான். குரல் திடீரென்று இதமாக இருந்தது. "சந்தை முடிஞ்சதும் வர்றேன். வீட்ல இரு. ரெண்டு பேருமா உக்காந்து ஞாபகப்படுத்திப் பாப்போம்."



அவன் போனபின் ஹெப்ஸி என்னை மாவு மூட்டையில் சாய்த்து உட்காரவைத்து, வினிகரில் நனைத்த துணியால் முகத்தைத் துடைத்தாள். அவள் கை ஆடவில்லை. ஒரு வேடிக்கை என் வாய்வரை வந்தது. ரத்தத்தோடு சேர்த்து அதையும் துப்பினேன்.

"ஹெப்ஸி, அவன் எப்படி விழுந்தான்?"

"வழுக்கி."

"ஹெப்ஸி."

துணியைப் பிழிந்தாள். கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது.

"நான்தான் தள்ளினேன்."

"செத்துட்டான்னு நீயா எப்படிம்மா நெனச்ச?"

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நெனைக்கலப்பா. கீழ எறங்கிப் பாத்தேன். மூச்சு இருந்துச்சு. உயிரோட இருக்காருன்னு சொன்னா நீங்க டாக்டர்கிட்ட ஓடியிருப்பீங்க. மிச்சத்த நான் ஒருத்தியா செய்ய முடியல. அதான் உங்களக் கூட்டிட்டுப் போக வந்தேன்."